ஜன்னல் கம்பியில் கட்டின நூல்

இப்போதெல்லாம் பக்கத்து அறையில் இருக்கிறவனைக் கூப்பிடக்கூட எதையாவது அமுக்க வேண்டியிருக்கிறது. வாய் இருக்கிறது, கால் இருக்கிறது, நாலு எட்டு வைத்தால் கதவு இருக்கிறது. வைக்க மாட்டார்கள். ஸ்ரீசிட்டி கம்பெனிகள் பக்கம் என் மகன் வீட்டில் போய்த் தங்கினேன். மருமகள் அடுப்பங்கரையில் நின்றுகொண்டு கூடத்தில் இருக்கும் பேரனுக்குப் போன் போட்டு, "துன்ன வாடா" என்கிறாள். அவன் போனிலேயே, "தோ வரேன்" என்கிறான். நடுவில் உட்கார்ந்திருந்த எனக்கு ஒவ்வொரு பேச்சும் வாயிலிருந்து ஒரு தடவை, போனிலிருந்து ஒரு தடவை கேட்டது. மறுநாளே பஸ் ஏறி, ஆந்திர எல்லையில் எங்கள் ஊரான நகரிக்கு வந்துவிட்டேன்.

இதை ஏன் சொல்கிறேன் என்றால், எங்கள் தெருவில் பச்சையம்மாள் வீட்டுக்கும் அந்த மாதிரி ஒரு பொத்தான் வந்தது. அவள் கேட்டு வரவில்லை. அரசாங்கம் சொல்லி வந்தது.

பச்சையம்மாள் வீடு எனக்கு எதிர் வீடு. அவள் புருஷன் தணிகைவேல் போய்ச் சேர்ந்து வெகு காலம் ஆகிறது. அவனுக்கு ஒரு தம்பி, மணிவேல். நாற்பதைத் தாண்டிவிட்டான். காது கேட்கும், பேச்சு வராது. புத்தி ஐந்து வயதுப் பிள்ளையோடு நின்றுவிட்டது என்று டாக்டர்கள் சொன்னார்கள். நான் அப்படிச் சொல்ல மாட்டேன். ஐந்து வயதுப் பிள்ளைக்கு அவ்வளவு பொறுமை ஏது?

அந்த நாளில் எங்கள் தெருவில் யாரும் பேசிக்கொண்டு நடக்க மாட்டார்கள். பேசினால் கேட்காது. வீட்டுக்கு வீடு தறிக் கொட்டாய். பவர்லூம் ஓட ஆரம்பித்தால் சுவரில் மாட்டிய சாமி படம் ஆடும், சொம்பில் இருக்கும் தண்ணீர் ஆடும். நாங்கள் புருவத்தைத் தூக்கியும் கையை ஆட்டியும் பேசிக்கொள்வோம். நான் தறி ரிப்பேர் பார்க்கிறவன். என்னைக் கூப்பிட வேண்டுமானால் வந்து தோளில் தட்ட வேண்டும். இந்தச் சத்தத்தில் தறி ஓட்டும் பொம்பளைகளுக்குத் தவழ்கிற பிள்ளை அழுவது எப்படிக் கேட்கும்? அதற்கு ஒரு ஏற்பாடு வைத்திருந்தார்கள். பிள்ளையின் அரைஞாண் கயிற்றில் நூலைக் கட்டி, மறுமுனையைத் தாய் தன் வளையலில் முடிந்துகொள்வாள். நூல்தான், கயிறு அல்ல. கயிறு கட்டினால் தறி பெல்ட்டில் சிக்கிக் கையை இழுத்துக்கொண்டு போய்விடும். நூல் என்றால் அறுந்துவிடும். பிள்ளைக்குப் பசித்தால் நூலை இழுக்கும். பயந்தால் இழுக்கும். ஒன்றுமே இல்லாவிட்டாலும் அம்மா இருக்கிறாளா என்று இழுத்துப் பார்க்கும். அவள் திரும்பி ஒரு சிரிப்புச் சிரித்தால் போதும்.

கால் திடமானதும் பிள்ளைகள் நூலை அறுத்துக்கொண்டு தெருவுக்கு ஓடிவிடும். என் மகனும் ஓடினான். ஓடினவன் ஸ்ரீசிட்டியில்தான் நின்றான். மணிவேல் மட்டும் ஓடவில்லை. தப்பித் தவறி நூல் அறுந்தால், அறுந்த இரண்டு முனையையும் எடுத்துக்கொண்டு அம்மாவிடம் வந்து நீட்டுவான். முடிந்து போடும்வரை நகர மாட்டான்.

அந்த அம்மாள் சாகும்போது மருமகள் பச்சையம்மாளைப் பக்கத்தில் கூப்பிட்டாள். நகை கொடுக்கப் போகிறாள் என்று உறவுக்காரர்கள் எட்டிப் பார்த்தார்கள். இருந்தால்தானே கொடுப்பாள்? தன் வளையலில் இருந்த நூலை அவிழ்த்துப் பச்சையம்மாள் வளையலில் முடிந்தாள். மணிவேல் அந்தப் பக்கம் ஒரு இழு இழுத்துப் பார்த்தான். பச்சையம்மாள் திரும்பி, "இன்னா கண்ணு?" என்றாள். அவ்வளவுதான், கை மாறிவிட்டது.

தணிகைவேல் போன பிறகு தறிகளை விற்றார்கள். கொட்டாய் காலியாகக் கிடந்தது. முதலில் வரதராஜன் வந்தான். என்னோடு ஒத்த வயது. பிள்ளைகள் சென்னையில் இருக்கிறார்கள். "எங்கப்பாவ நீ பாத்துக்க அக்கா, மாசாமாசம் அனுப்பறோம்" என்று கொண்டுவந்து விட்டுப் போனார்கள். அவனைப் பார்த்து இன்னும் நாலைந்து பேர் வந்தார்கள். எல்லாம் இந்தத் தெருவில் தறி ஓட்டிய கிழடுகள். போர்டு கிடையாது, பேர் கிடையாது. யாராவது கேட்டால், "பச்சையம்மா ஊட்ல கீறாங்க" என்போம்.

நல்லாத்தான் இருந்தது. மத்தியானம் போனால் கொட்டாய் முழுக்க வேர்க்கடலை வறுக்கிற வாசனை அடிக்கும். பச்சையம்மாள் அடுப்புக்கு முன்னால் குந்திக்கொண்டு புளிச்சக்கீரை கடைவாள். அவள் கையிலிருந்து நூல் தரையோடு போய், வரதராஜன் கட்டிலுக்கு அடியில் நுழைந்து, ஜன்னல் ஓரம் உட்கார்ந்திருக்கும் மணிவேல் இடுப்பில் முடியும். யார் நடந்தாலும் அந்த இடத்தில் காலைத் தூக்கித்தான் வைப்பார்கள். எதிர் வீட்டு நாய்கூடத் தாண்டித்தான் போகும். கடைகிற மத்து திடீரென்று நின்றால், அந்தப் பக்கம் நூல் இழுபட்டது என்று அர்த்தம். "தண்ணியா? தோ வரேன்." எப்படி இழுத்தால் தண்ணீர், எப்படி இழுத்தால் வெளிக்குப் போகணும் என்பது அவர்கள் இரண்டு பேருக்குள் இருந்தது. நான் கேட்டதில்லை.

போன சித்திரையில் சச்சிவாலயம் என்கிற வார்டு ஆபீசிலிருந்து ஒரு பெண் வந்தாள். வயசானவர்களை, ஊனமுற்றவர்களை வைத்துப் பார்க்கிற வீடு எல்லாம் இனிமேல் பதிவு செய்ய வேண்டும், மாவட்ட ஆபீசிலிருந்து வந்து பார்ப்பார்கள் என்று சொல்லிவிட்டுப் போனாள்.

"பாக்கட்டுமே மாமா. நான் இன்னா சாராயமா காச்சறேன்?" என்றாள் பச்சையம்மாள்.

"சாராயம் காச்சினா போலீஸ்காரன் மாசம் ஒருக்கா வந்து மாமூல் வாங்கிகினு பூடுவான். ஒனக்குத்தான் பிரச்சன" என்றேன்.

அவர்கள் வந்த அன்று நகரி மூக்கு மலையே காய்ந்து வெள்ளையாகத் தெரிகிற வெயில். பச்சையம்மாள் விடியற்காலையிலேயே கொட்டாயைக் கழுவி, கிழவர்களுக்கு வெளுத்த வேட்டி கட்டிவிட்டு, மணிவேலுக்குத் தலை வாரி உட்கார வைத்திருந்தாள். வாசலில் ஜீப் நின்றது. அவள் அவசரமாகக் கையைத் துடைத்துக்கொண்டாள். வளையலில் இருந்த நூலை அவிழ்த்து ஜன்னல் கம்பியில் ஒரு சுற்றுச் சுற்றி முடிந்துவிட்டு, இரண்டு கையையும் கூப்பிக்கொண்டு வாசலுக்கு ஓடினாள். ஆபீசர் வருகிறபோது ஒரு கையில் நூலைக் கட்டிக்கொண்டு நின்றால் மரியாதையாக இருக்காது என்று நினைத்தாள். அங்கே நின்றுகொண்டிருந்த எனக்கும் அது சரியாகத்தான் பட்டது.

வந்த ஆபீசரின் பெயர் பிரேமலதா. திருப்பதிக்காரம்மா, சித்தூரில் வேலை. கண்ணாடி, குடை, பெரிய கைப்பை. தெலுங்கு வாடையோடு நல்ல தமிழ் பேசினாள். நான் நினைத்தமாதிரி மூக்கைச் சுளிக்கவில்லை. சோற்றுப் பானையைத் திறந்து பார்த்து, கீரையை உள்ளங்கையில் வாங்கி நக்கிப் பார்த்தாள். கிழவர்கள் முதுகைத் திருப்பிப் புண் இருக்கிறதா என்று பார்த்தாள்.

வரதராஜன் காதுக்குப் பக்கத்தில் குனிந்து, "சாப்பாடு எல்லாம் எப்படி தாத்தா?" என்று கத்தினாள்.

"உப்பு கொறச்சலு மேடம்! பீபின்னு சொல்லி எல்லாருக்கும் உப்ப நிறுத்திட்டா. பீபி எனக்கில்ல, தோ மூலையில கீறானே, அந்தக் கெய்வனுக்கு. அவன வேணா நீங்க இஸ்துகினு போங்க!"

எல்லாரும் சிரித்தார்கள். ஆபீசரும் சிரித்தாள். சாய்தளம் போட வேண்டும், கக்கூசில் பிடிமானக் கம்பி வேண்டும், படுக்கைக்குப் படுக்கை அழைப்பு மணி வேண்டும் என்று சொல்லிக்கொண்டே வந்தவள் ஜன்னலுக்குப் பக்கத்தில் நின்றாள். சிரிப்பு போய்விட்டது. கம்பியில் இருந்த நூலை விரலால் தூக்கினாள். அது மணிவேல் இடுப்புவரை எழுந்தது.

"ஏமிம்மா இது? மனுசன ஜன்னல்ல கட்டி வெச்சிருக்கீங்க?"

பச்சையம்மாளுக்கு வாய் வரவில்லை. நான்தான் முன்னால் போனேன்.

"நூலும்மா அது. பூனக்குட்டி இஸ்தா அறுந்துபூடும். அவன் இஷ்டப்பட்டுத்தான் கட்டிகினு கீறான். அவுத்தா அழுவான்."

அவள் என்னையே பார்த்தாள். கோபமாகப் பார்த்திருந்தால் நானும் கோபப்பட்டிருப்பேன்.

"தாத்தா, என் முதல் போஸ்டிங்ல ஒரு ஹோமுக்குப் போனேன். ஊர் பேரு வேண்டாம். இதே மாதிரி ஒரு பையன், இதே மாதிரி ஜன்னல் கம்பி. கால்ல சங்கிலி. 'அவனுக்கு அதுதான் இஷ்டம் மேடம், அவுத்தா அழுவான்'னு ஹோம்காரரு சொன்னாரு. நீங்க சொன்ன அதே மாட்ட, அதே வார்த்தை. நான் சின்னப் பொண்ணு, நம்பிட்டேன். அடுத்த தடவ போனப்ப அந்தப் பையனுக்கு அந்தக் கால் இல்ல."

"சங்கிலி வேற, நூலு வேற" என்றேன்.

"ஜன்னல் கம்பி ஒண்ணுதானே தாத்தா?"

அதற்கு என்ன சொல்வது? பதில் இல்லாததால் அவள் சொன்னது சரி என்று ஆகிவிடாது.

பிரேமலதா பச்சையம்மாள் பக்கம் திரும்பினாள். "கட்டறது சட்டப்படி தப்பு. நூலு, கயிறு, எதுவா இருந்தாலும். அவருக்கு ஏதாச்சும் தேவைன்னா கூப்பிட மணி வெச்சிக் கொடுங்க. ஆடிக்குள்ள மறுபடி வருவேன். அப்பவும் நூலு இருந்தா, அவரை திருப்பதிக்கு, பதிவான ஹோமுக்கு மாத்தறதத் தவிர வேற வழி இல்ல."

பச்சையம்மாளின் மகள் ரேகா ஸ்ரீசிட்டியில் போன் கம்பெனியில் வேலை பார்க்கிறாள். ஞாயிற்றுக்கிழமை மணிகளை வாங்கிக்கொண்டு வந்தாள், எலக்ட்ரீஷியனையும் கூட்டிவந்தாள். படுக்கைக்குப் படுக்கை சிவப்புப் பொத்தான். அமுக்கினால் அடுப்பங்கரையில் குருவி கத்துகிற மாதிரி சத்தம்.

"ரூல்ஸ் படி இருந்துட்டா நாளிக்கு எவனும் கேள்வி கேக்க மாட்டாம்மா" என்றாள் ரேகா.

"கேக்கட்டும். கேட்டா சொல்றேன்."

"அன்னிக்கு சொன்னியா? வாய மூடிகினு நின்னியாம். எதுத்தூட்டு தாத்தாதான் சொல்லிச்சி."

"நீ வந்து பேசியிருக்கறதுதானே?"

"லீவு யார் குடுப்பான்? தோ பாரு, சித்தப்பாவ அனுப்பிட்டு ஒன்னால இருக்க முடியுமா? அந்த நூல அவுரு."

பச்சையம்மாள் நூலை அறுக்கவில்லை. மணிவேல் இடுப்பிலிருந்து முடிச்சைப் பொறுமையாக அவிழ்த்தாள். தறிக்கு நூல் சுற்றுகிற ஒரு தார்க்குச்சியில் அதைச் சுற்றிச் சாமி படத்துக்குப் பின்னால் வைத்தாள். மணிவேல் அழவில்லை. நான்தான் அழுவான் என்று ஆபீசரிடம் சொல்லியிருந்தேன். அவன் இடுப்பைத் தடவிப் பார்த்துவிட்டு, அறுந்த முனையைத் தேடுகிறவன்போலத் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

மணியால் பயன் அடைந்தவன் வரதராஜன் ஒருவன்தான். அவனுக்கு அந்தச் சத்தம் கேட்காது, ஆனாலும் ஓயாமல் அமுக்கினான்.

"இன்னா வேணும்?" என்று ஓடி வருவாள் பச்சையம்மாள்.

"ஒண்ணியும் வேணாம். வேல செய்தான்னு பாத்தேன்."

"கைய ஒடச்சிடுவேன்."

"ஒடச்சா புத்தூருக்கு இட்டுகினு போயி கட்டு கட்டணும். அதுவும் கட்டறதுதான். மேடம் ஒத்துக்க மாட்டாங்க."

மணிவேல் பொத்தானைத் தொடவே இல்லை. பச்சையம்மாள் அவன் விரலைப் பிடித்து அமுக்கிக் காட்டுவாள். குருவி கத்தும். அவன் காதைப் பொத்திக்கொள்வான். தாகம் எடுத்தால் காற்றில் கையை வைத்து, இருக்கிற நூலை இழுப்பது போல இழுப்பான். அடுப்பங்கரையில் இருக்கிறவளுக்கு அது எப்படித் தெரியும்? இத்தனை வருஷத்தில் ஒரு நாளும் வேட்டியை நனைக்காதவன் நனைத்துவிட்டு, கூசிப்போய்ச் சுவரோரம் நின்றான். களியைப் பிசைந்து கொடுத்தால் வாயைத் திறக்கவில்லை. பச்சையம்மாள் கொஞ்சம் கொஞ்சமாக அடுப்பு வேலையைக் குறைத்துக்கொண்டு அவன் பக்கத்திலேயே குந்த ஆரம்பித்தாள். கிழவர்களுக்குச் சோறு நேரத்துக்கு வரவில்லை. நான் போய் உலை வைத்தேன். என் குழம்பைத் தின்றுவிட்டு வரதராஜன் சொன்னான்: "டேய் வேங்கடாசலம், நீ தறிதாண்டா ரிப்பேர் பண்ணே. கொழம்ப ஏண்டா ரிப்பேர் பண்றே?"

ஆடிக்காற்று மண்ணை வாரிக் கண்ணில் அடிக்கிற நாளில் பிரேமலதா மறுபடி வந்தாள். தனியாக வந்தாள், ஜீப் இல்லை. பார்த்துவிட்டு அப்படியே சாயங்கால ரயிலில் திருப்பதிக்கு வீட்டுக்குப் போகிறதாகச் சொன்னாள். சாய்தளத்தில் ஏறி இறங்கிப் பார்த்தாள். கக்கூஸ் கம்பியை ஆட்டிப் பார்த்தாள். முகத்தில் திருப்தி தெரிந்தது. கடைசியாக மணிவேல் கட்டிலுக்கு வந்தாள்.

"மணிவேல், உங்களுக்குத் தண்ணி வேணும்னா என்ன செய்வீங்க? எனக்குக் காட்டுங்க."

அவன் பார்த்தான். பொத்தானை அவன் கைக்குப் பக்கத்தில் நகர்த்தி வைத்தாள். அவன் கையை எடுத்துக்கொண்டான். ஈர வேட்டியைப் பார்த்தாள், ஒட்டிப்போன கன்னத்தைப் பார்த்தாள். அன்றைக்குச் சித்திரையில் பார்த்த ஆள் இல்லை அவன். அவளுக்கும் தெரிந்தது.

"பச்சையம்மா, உங்க மேல தப்பு சொல்லல. நீங்க எல்லாம் செஞ்சிருக்கீங்க. ஆனா இவரால கேக்க முடியல. தாகம்னாலும், வலின்னாலும் யாருக்கும் தெரியாது. இப்படிப்பட்டவங்களுக்குப் பக்கத்திலேயே ஆள் இருக்கணும். திருப்பதி ஹோம்ல இருக்காங்க. நானே போயி சூசிட்டு, பாத்துட்டு வந்திருக்கேன், நல்ல எடம். புதன்கிழமை வண்டி அனுப்பறேன்."

"அம்மா, அவன் கேப்பாம்மா. என்னக் கேப்பான்."

"நான் பாத்தேனே, கேக்கலயே."

"நூலு இருந்தப்போ கேட்டுகினு இருந்தாம்மா."

"அது கட்டறது பச்சையம்மா."

பச்சையம்மாள் அவள் காலில் விழப் போனாள். பிரேமலதா தோளைப் பிடித்துத் தூக்கிவிட்டாள். "வேணாம், வேணாம்" என்றாள். குடையை மறந்து வைத்துவிட்டுப் போய்விட்டாள். பச்சையம்மாள் அடுப்பங்கரையில் சுவரைப் பார்த்து உட்கார்ந்துகொண்டாள். நான் கிழவர்களுக்குத் தேங்காய்த் தண்ணீர் மாதிரி ஒரு காப்பி போட்டு ஊற்றிக்கொண்டிருந்தேன்.

வரதராஜன்தான் மணியை அமுக்கினான். நாங்கள் கவனிக்கவில்லை. அமுக்கிக்கொண்டே இருந்தான்.

"கைய எடுடா சனியனே!" என்று கத்திக்கொண்டு போனேன்.

"மணிவேலு எங்கடா?" என்றான் அவன்.

கட்டில் காலி. கதவு திறந்திருந்தது. சாமி படம் சாய்ந்திருந்தது, பின்னால் தார்க்குச்சி இல்லை.

பச்சையம்மாள் செருப்பில்லாமல் ஓடினாள். அந்த வயதில் அப்படி ஓடிப் பார்த்ததில்லை. டீக்கடையில் கேட்டோம், சாயப்பட்டறையில் கேட்டோம். பூக்காரி, "ஸ்டேசன் பக்கமா நூலப் புடிச்சிகினு போனான். என்கிட்ட ஒரு முனைய நீட்டனான். பூ கட்டறதுக்கு வேணாம்பான்னு அனுப்பிச்சேன்" என்றாள். ஸ்டேஷன் என்றால் தண்டவாளம். சென்னைக்குப் போகிற வண்டிகள் அங்கே நிற்காமல் பறக்கும். அவன் பிறந்ததிலிருந்து அந்தப் பக்கம் தனியாகப் போனவன் இல்லை.

பிளாட்பாரத்தில் ஏறுகிறபோது திருப்பதி வண்டியின் கடைசிப் பெட்டி வேப்பகுண்டா பக்கமாகப் போய்க்கொண்டிருந்தது. புழுதி அடங்கவில்லை. புழுதிக்கு அந்தப் பக்கம், வேப்பமரத்தடி பெஞ்சில், பிரேமலதா உட்கார்ந்திருந்தாள். வண்டியில் ஏறாமல் உட்கார்ந்திருந்தாள். பெஞ்சின் மறுகோடியில் மணிவேல். அவன் இடுப்பில் நூல். மறுமுனை அவள் சுட்டுவிரலில் சுற்றியிருந்தது.

பச்சையம்மாள் மூச்சு வாங்கிக்கொண்டு அவன் முகத்தை, கையை, காலைத் தடவிப் பார்த்தாள். அவன் அவளைப் பார்த்துச் சிரித்தான். ரொம்ப நாள் கழித்துச் சிரித்தான்.

பிரேமலதா எங்களைப் பார்க்காமல் நூலைப் பார்த்துக்கொண்டே பேசினாள்.

"பின்னாடியே வந்திருக்காரு, எனக்குத் தெரியல. பெஞ்சில உக்காந்ததும் முன்னால வந்து நின்னாரு. என் எதிர்ல, தன் கையால, தன் இடுப்புல முடிச்சுப் போட்டாரு. இந்த முனைய என்கிட்ட நீட்டினாரு. சரி, விளையாட்டுன்னு பிடிச்சேன். வண்டி வர்ற நேரம். எழுந்தேன். இழுத்தாரு. என்னன்னு திரும்பிப் பாத்தா, அங்க குழாயக் காட்டறாரு."

"தண்ணி கேட்டிருப்பான்" என்றாள் பச்சையம்மாள்.

"ஆமா. பிடிச்சிக் கொடுத்தேன். ரெண்டு பாட்டில் குடிச்சாரு." காலி பாட்டிலைப் பைக்குள் வைத்தாள். "அந்தக் குடிக்கிற குடியப் பாத்தா, காலையில இருந்து தாகத்தோட இருந்திருக்காரு. நான் அங்க நின்னு 'இவரால கேக்க முடியல'ன்னு எழுதிக்கிட்டு இருந்தப்பவும் தாகமாத்தான் இருந்திருக்காரு."

"அப்ப ஏம்மா வண்டி ஏறல?" என்றேன்.

"இத எங்க போடறது தாத்தா? கீழ போட்டுட்டு ஏறிடலாம். போட முடியல. கட்டிட்டு ஏறலாம்னு பாத்தா..." பெஞ்சின் இரும்புக் காலைப் பார்த்தாள்.

பச்சையம்மாள் கையை நீட்டினாள். பிரேமலதா விரலிலிருந்து நூலைக் கழற்றி அவள் கையில் கொடுத்தாள். மணிவேல் ஒரு இழு இழுத்துப் பார்த்தான். "தோ, இங்கத்தான் கீறேன் கண்ணு" என்றாள் பச்சையம்மாள். அவன் சாய்ந்து உட்கார்ந்து, தண்டவாளத்துக்கு மேலே பறக்கிற காகிதத்தை வேடிக்கை பார்க்க ஆரம்பித்தான்.

"நான் பாத்தத பாத்தபடி எழுதறேன்" என்றாள் பிரேமலதா. "அவருக்குக் கேக்கத் தெரியும். புதன்கிழமை வண்டி வராது. ஆனா சொல்றதக் கேளுங்க. அவரு தன் கையால கட்டிக்கணும், தன் கையால அவுத்துக்கணும். வேற யாரும் முடிச்சுப் போடக்கூடாது. இந்தப் பக்கம் மனுசங்க கையில மட்டும்தான் இருக்கணும். கம்பியில, கட்டில்ல, தூண்ல, ஒரு நிமிஷம்கூடக் கூடாது. நான் வருவேன். சொல்லாம வருவேன்."

"அன்னிக்கு நீங்க வந்தீங்கன்னுதாம்மா கட்டனேன்" என்றாள் பச்சையம்மாள். "ரெண்டு கையால கும்புடணும்னு."

பிரேமலதா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள். ஆடிக் காற்றில் யாருக்கும் கண்ணில் தண்ணீர் வரும்.

எனக்குக் கேட்காமல் இருக்க முடியவில்லை. "இத நீ எழுதுவே. மேல கீறவன் படிப்பான். அவன் நூலப் பாத்தானா? இவன் தண்ணி குடிச்சதப் பாத்தானா?"

"பாக்கல தாத்தா."

"நாளிக்கு ஒன்ன மாத்தி வேற ஊருக்குப் போட்டுட்டா?"

"போடலாம்."

"வர்ற ஆளு, இன்னா இது நூலுன்னு கேட்டா?"

"கேக்கணும்" என்றாள். "கேக்காம போறவங்கதான் மோசம். நான் ஒரு தடவ கேக்காம போயிருக்கேன்."

இது ஒரு பதிலா? மணிவேலுக்கு நல்லது செய்கிற சட்டமென்றால் ஏன் அவனை இத்தனை நாள் தாகத்தில் போட்டது என்று கேட்கலாம் என்று வாயைத் திறந்தேன். அதற்குள் பச்சையம்மாள் எழுந்துவிட்டாள். கிழவர்களுக்குச் சோறு வடிக்க நேரமாகிவிட்டது.

போகிறதற்கு முன்னால் ஆபீசரைக் கும்பிட வேண்டுமே. வழக்கப்படி அவள் கண் சுற்றிலும் தேடியது. பெஞ்சுக் கால் இருந்தது, வேப்பமரம் இருந்தது, விளக்குக் கம்பம் இருந்தது. தேடிவிட்டு, நூலை இடது கையில் இறுக்கிப் பிடித்துக்கொண்டு, வலது கையை மட்டும் நெஞ்சுக்கு நேராக வைத்துக் கும்பிட்டாள். ஒற்றைக் கைக் கும்பிடு. எங்கள் தெருவில் யாரும் ஒரு ஆபீசரை அப்படிக் கும்பிட்டதில்லை. பிரேமலதா இரண்டு கையையும் கூப்பப் போனவள், பார்த்துவிட்டு, தானும் ஒரு கையை இறக்கிக்கொண்டாள்.

அவர்கள் அண்ணியும் கொழுந்தனுமாகத் தெருப்பக்கம் நடந்தார்கள். நடுவில் நூல் காற்றில் வில்லாக வளைந்து வளைந்து நிமிர்ந்தது. "வா மாமா, போலாம்" என்று பச்சையம்மாள் கூப்பிட்டாள். "நீ போ" என்றேன்.

"ரெண்டு மணி நேரம் இருக்கு அடுத்த வண்டிக்கு. உக்காருங்க தாத்தா" என்றாள் பிரேமலதா. "ஒங்களுக்குக் கோவம் போகலன்னு தெரியுது."

"ஒன் கொட அங்க கீது" என்றேன். "அடுத்த தபா வர்றப்போ எடுத்துக்க. நீ வந்தா."

"வருவேன்."

வருவாளாம். நான் எத்தனை ஆபீசரைப் பார்த்திருக்கிறேன். துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, தண்டவாளத்தோரமாகப் போகிற குறுக்குப் பாதையில் இறங்கி நடந்தேன். திரும்பிப் பார்க்கவில்லை.